எந்தத் துறைக்கு, என்ன சரக்கு?



இந்த உரையின் தலைப்பைச் சொன்னதும், கல்லூரியிலிருந்து அழைக்க வந்த பேராசிரியர் சற்றுத் தயங்கினார். பொதுக் கட்டடங்களுக்கான பன்னாட்டு வடிவமைப்புப் போட்டிகளைப் பற்றித் தூத்துக்குடியில் யாருக்கு என்ன அக்கறை, முத்து, தோணி, உப்பு என்று ஏதாவது பேசக்கூடாதா என்று கேட்டார். முத்தும் வரும், தோணியும் வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உப்புக்கு உறுதி சொல்ல முடியாது. தோணியில் தொடங்குகிறேன்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஓடாவி, தோணி கட்டும் தச்சர். காகிதத்தில் ஒரு கோடு போட்டு அவரை யாரும் பார்த்ததில்லை. தோணி கட்டச் சொல்லி முதலாளி வந்து திண்ணையில் உட்கார்ந்தால், மரத்தைப் பற்றியோ கூலியைப் பற்றியோ பேச்செடுக்க மாட்டார். "எந்தத் தொறைக்கு அண்ணாச்சி? என்ன சரக்கு? வருசத்துக்கு எத்தன நடை?" என்று மூன்றே கேள்வி. கொழும்புக்குப் போகிற தோணிக்கும் மாலத்தீவுக்குப் போகிற தோணிக்கும் வயிறு ஒன்றாக இருக்காது. துறையின் ஆழம் வேறு, சரக்கின் கனம் வேறு. முதலாளி மழுப்பினால், "யோசிச்சுட்டு வாங்க" என்று வெற்றிலைப் பெட்டியை மூடிவிடுவார். பேச்சு அன்றைக்கு அவ்வளவுதான்.

பின்னாளில் சென்னையில் கட்டடக் கலை படிக்கும்போது 'பிரீஃப்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள். என்ன கட்ட வேண்டும், எங்கே, யாருக்கு, எவ்வளவு செலவில் என்று கட்டுவிக்கிறவர் எழுதித் தரும் விவரக் குறிப்பு. ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு வெற்றிலைப் பெட்டி மூடும் ஓசைதான் கேட்டது. போட்டிகளைப் பற்றி இன்று நான் சொல்லப் போவதும் அதுவே. வெல்கிற வரைபடத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். கட்டடம் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அதற்கு முன்னால், கேள்வித்தாள் எழுதும்போதே முடிவாகிவிடுகிறது.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுப் போட்டிகளுக்கான விதிமுறைகளை யுனெஸ்கோ 1956-இல் ஏற்றது. பன்னாட்டுக் கட்டடக் கலைஞர் ஒன்றியம் அவற்றை மேற்பார்க்கிறது. வரைபடத்தில் பெயர் இருக்கக் கூடாது, ஓர் எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். முடிவு எழுதிக் கையெழுத்திட்ட பிறகே உறையைப் பிரிப்பார்கள். நடுவர்களில் பெரும்பான்மையினர் கட்டடக் கலைஞராக இருக்க வேண்டும்.

1955 முதல் 1961 வரை இங்கே நடந்த கடைசி முத்துச் சலாபங்களை என் ஆச்சி பார்த்தவள். கரைக்கு வந்த சிப்பியை எண்ணிக் குவித்து, குளித்தவர் பங்கு போக அரசுப் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். திறக்காத சிப்பிக்கு விலை! உள்ளே ஆணிமுத்தா, வெறும் சதையா என்று தெரியாமலே வியாபாரி கேட்க வேண்டும். போட்டி நடுவரின் நிலை இதற்குத் தலைகீழ். சிப்பி திறந்து கிடக்கிறது, முத்தைக் கண்ணால் பார்க்கலாம். எந்த வள்ளம் கொண்டுவந்தது என்பதுதான் தெரியாது. பெரிய பெயருக்கு முன்னால் நடுவரின் கை நடுங்காமல் இருக்க மனிதர்கள் கண்டுபிடித்த நல்ல உபாயம் இது.

முத்தைத் தரம் பிரிக்க அந்நாளில் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் பத்து இருந்தன. முதல் தட்டில் இருபது துளை, கடைசித் தட்டில் ஆயிரம் துளை. பெரிய துளைத் தட்டில் தங்கினது பெரிய முத்து, விழுந்தது அடுத்த தட்டுக்கு. நடுவர் குழுவும் அப்படித்தான் சலிக்கிறது. ஹெல்சின்கியில் குகன்ஹெய்ம் அருங்காட்சியகத்துக்கு 2014-இல் நடந்த போட்டிக்கு 1,715 வரைபடங்கள் வந்தன. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியில் ஒன்று தங்கியது. 2016-இல் நகர மன்றம் அந்தத் திட்டமே வேண்டாம் என்று வாக்களித்துவிட்டது. 1,715 குழுக்களின் இரவுகளுக்கு யார் கூலி கொடுப்பது? கல்யாணத்துக்குப் பெண் பார்த்து, பந்தலும் பேசிய பிறகு, மாப்பிள்ளைக்குக் கல்யாணமே வேண்டாமாம் என்று சொன்ன கதை.

அந்தக் கூலியில்லா இரவுகளில் சில என்னுடையவை. 1986-இல் டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்குப் பன்னாட்டுப் போட்டி அறிவித்தார்கள். நானும் இரண்டு நண்பர்களும் மைலாப்பூரில் ஒரு மாடி அறையில் ஒரு மாதம் கிடந்தோம். டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனா. வியர்வை பட்டால் மை கலங்கும் என்று முழங்கைக்குக் கீழே கைக்குட்டை விரித்து வரைவோம். தப்பான கோட்டைச் சவர பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும். கடைசி இரவு அப்படிக் கிழிந்தது. பின்பக்கம் ஒட்டிச் சமாளித்தோம். உறைக்குள் பெயர்களை வைத்து நாக்கால் நனைத்து ஒட்டியபோது இருந்த பெருமிதம் பரிசு வாங்கியிருந்தால்கூட வந்திருக்காது. வாங்கவில்லை என்பதை ஊகித்திருப்பீர்கள்.

37 நாடுகளிலிருந்து 194 வரைபடங்கள் வந்த அந்தப் போட்டியில் வென்றவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த ரால்ஃப் லெர்னர். அரங்குகள், காட்சிக்கூடங்கள், நூலகம் எல்லாம் அடங்கிய பெரிய வளாகம் அது. எழுந்தது என்னவோ நூலகக் கட்டடம் ஒன்றுதான். ஆட்சிகள் மாறின, பணம் நின்றது, ஆண்டுகள் ஓடின. பின்னர் சென்ட்ரல் விஸ்டா திட்டத்தில் அந்த இடமே மைய அரசின் புதிய செயலகக் கட்டடங்களுக்கென ஒதுக்கப்பட்டது. கலை மையம் 2021-இல் ஜன்பத் ஹோட்டல் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. என் பழைய தாள்களைப் பிரித்துப் பார்க்கிறேன். எங்கள் வரைபடத்திலும் அதே கோளாறு. முழுவதும் கட்டினால் அழகு. பாதியில் பணம் நின்றால் எந்தப் பகுதி தனியாக நிற்கும் என்ற கேள்வியே எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்கவும் யாரும் இல்லை. எத்தனை நடை என்று கேட்காமல் கட்டிய தோணி.

சிட்னி ஆப்பரா ஹவுஸைப் பாடப் புத்தகத்திலேயே பார்த்திருப்பீர்கள். 233 வரைபடங்களிலிருந்து 1957-இல் யோர்ன் உட்சன் வென்றது, 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு 10 கோடியைத் தாண்டியது, 1966-இல் அவர் வெளியேறியது, 1973-இல் திறந்தது எல்லாம் பலமுறை சொன்ன கதை. அதில் குறைவாகச் சொல்லப்படும் துண்டு ஒன்று உண்டு. பெரிய அரங்கு இசைக் கச்சேரிக்கும் ஆப்பராவுக்கும் சேர்த்துப் பயன்பட வேண்டும் என்று போட்டி அறிவிப்பு கேட்டது. கூரை எழுந்த பிறகு இரண்டும் சேர்ந்து நடக்காது என்று முடிவாயிற்று. பெரிய அரங்கு கச்சேரிக்குப் போனது. ஆப்பரா சின்ன அரங்குக்குத் தள்ளப்பட்டது. பெயரே ஆப்பரா ஹவுஸ், ஆனால் ஆப்பராவுக்கு வாசிக்கிறவர்கள் நெருக்கிக்கொண்டு உட்காரும் குழி. சரக்கு எது என்பதைக் கடலில் இறங்கிய பிறகு மாற்றினால் வேறென்ன நடக்கும்?

நான் நின்று நிதானமாகப் பேச விரும்புவது அலெக்சாந்திரியாவைப் பற்றி. நம் கடலில் எடுத்த முத்து ரோமுக்குப் போன வழியில் இருந்த துறைமுகம் அது. நம் பழைய துறைமுகமான கொற்கையை 'கொல்கி' என்று எழுதி வைத்த கிரேக்க மாலுமியும் எகிப்துக் கரையிலிருந்து வந்தவன்தான். அந்த ஊரின் பழைய நூலகம் அழிந்து நூற்றாண்டுகள் ஆனபின், அதன் நினைவாகப் புதிய நூலகம் கட்ட எகிப்து அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து போட்டி வைத்தன. 524 வரைபடங்கள் வந்தன. 1989-இல் வென்றது ஸ்னோஹெட்டா என்ற நார்வே குழு. அப்போது அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கட்டடமும் கிடையாது. ஒட்டிய உறைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியாது.

அவர்கள் வரைந்தது கடலைப் பார்த்துச் சாய்ந்த ஒரு வட்டத் தட்டு. விட்டம் 160 மீட்டர். பாதி மண்ணுக்குள் இறங்குகிறது. தெற்குச் சுவர் அஸ்வான் கருங்கல். உலகின் 120 எழுத்து முறைகளின் எழுத்துகள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. பழைய நூலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து தூணும் கோபுரமும் வைத்துப் பொம்மை செய்யவில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது 1993-இல் மண்ணிலிருந்து ஒரு நாய் வந்தது. கவிழ்ந்து கிடக்கும் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாய், சின்னச் சின்னக் கல்லால் பதித்த தரைச் சித்திரம், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. இன்று அதே கட்டடத்துக்குள் உள்ள தொல்பொருள் காட்சியகத்தில் இருக்கிறது. பழைய ஊரின் மேல் கட்டுகிறவன் தோண்டும்போது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தே தோண்ட வேண்டும். கொற்கைக்குப் போகும்போது அந்த நாயை நினைவில் வைத்திருங்கள்.

நம் ஆட்கள் வென்றதையும் சொல்ல வேண்டுமல்லவா? டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் தேசியப் போர் நினைவகத்துக்கு 2016-இல் உலகளாவிய போட்டி அறிவித்தார்கள். 427 வரைபடங்கள். 2017 ஏப்ரலில் வென்றது சென்னையைச் சேர்ந்த 'வீபி டிசைன் லேப்' என்ற குழு. தலைமை யோகேஷ் சந்திரஹாசன். 2019 பிப்ரவரி 25-இல் நினைவகம் திறக்கப்பட்டுவிட்டது. இரண்டே ஆண்டு! அங்கே போய் நின்று பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தூண் மட்டும் தெரிகிறது. கிட்டப் போகப் போகத் தரை தாழ்ந்து, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டச் சுவர்கள் விரிகின்றன. கருங்கல் ஒன்றில் ஒரு பெயர் என்று ஆயிரக்கணக்கில் பெயர்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கி ஒரு கல்லைத் தொடவைத்தாள். இந்தியா கேட்டும் அதன் எதிரே உள்ள விதானமும் கண்ணில் மறையக் கூடாது என்பதில் போட்டி வைத்தவர்களுக்குத் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவிலிருந்துதான் மண்ணுக்குள் இறங்கும் யோசனை பிறக்கிறது.

அந்த அறிவிப்பிலேயே போர் அருங்காட்சியகத்துக்கும் இன்னொரு போட்டி இருந்தது. 268 வரைபடங்கள் வந்தன, மும்பையின் சமீப் படோரா குழு வென்றது. பல ஆண்டுகள் ஆகியும் அது வரைபடமாகவே இருந்தது. ஒரே அரசு, ஒரே அறிவிப்பு, இரண்டு விதி. நினைவகத்துக்கு இடம் தயார், பெயர்ப் பட்டியல் தயார், அதற்காகக் காத்துக்கொண்டிருந்த குடும்பங்களும் தயார். அருங்காட்சியகத்துக்கு அந்த அவசரம் யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம்.

சென்னை ஓமந்தூரார் வளாகத்தை விட்டுவிட்டுப் பேசினால் நீங்களே கேட்பீர்கள். சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடம். ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனத்தின் வடிவமைப்பு, ஒன்றோடொன்று கோத்த வட்ட முற்றங்கள். 2010 மார்ச் 13-இல் திறந்தார்கள். கோபுர மாடம் முடியாததால் திறப்புவிழாவுக்குத் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒன்று அமைத்துக் கொடுத்தார். 2011-இல் ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியது, 2014-இல் கட்டடம் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை ஆனது. அரசியலை நான் தொடப் போவதில்லை. என் மைத்துனரை அங்கே சேர்த்திருந்தபோது நான்கு நாள் அந்த வட்டத்துக்குள் சுற்றினேன். நேர் வழி இல்லாத கட்டடத்தில் மாத்திரை வாங்கப் போனவன் திரும்பிவர நேரமாகும். ஆனால் உறுப்பினர்களுக்கென்று நினைத்த முற்றத்தில் நோயாளியின் உறவுக்காரர்கள் துண்டு விரித்துச் சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல காற்று வந்தது. எந்த மருத்துவமனையிலும் அவர்களுக்கு அப்படி ஓர் இடம் வரைந்து கொடுத்ததில்லை.

என் சொந்த மனக்குறை ஒன்று, சுருக்கமாக. தெற்கே ஓர் ஊரில் ஓர் அலுவலகம் போட்டி வைத்தது. பெயர் வேண்டாம். 'வரும் வரைபடங்கள் யாவும் அமைப்பாளருக்கே உரிமை' என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை நான் வாசிக்கவில்லை. பரிசு யாருக்கும் இல்லை என்று கடிதம் வந்தது. மூன்றாண்டு கழித்து அந்த ஊர் வழியாகப் பேருந்தில் போனேன். என் முகப்பு நின்றுகொண்டிருந்தது, பச்சைப் பெயிண்ட்டில். பச்சைதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இந்திய நிதியில் எழுந்த கலாசார மையம் வடிவமைப்புப் போட்டி வழியே தேர்ந்ததுதான். இலங்கைக் கட்டடக் கலைஞர் மதுர பிரேமதிலகவின் குழு. எரிந்து மீண்ட பொது நூலகத்துக்குப் பக்கத்து மனை. 2015-இல் அடிக்கல், 2023 பிப்ரவரியில் மக்களிடம் ஒப்படைப்பு, 2025-இல் திருவள்ளுவர் பெயர் சூட்டினார்கள். பெயரைப் பற்றி எழுந்த வாக்குவாதத்தில் 'யாழ்ப்பாணம்' என்ற சொல் எங்கே என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டடம் யாருடையது என்ற கேள்வி முடிவாகாமல் இருந்தால், அது ஒரு நாள் பெயர்ப்பலகையில் வந்து நிற்கும்.

இனி கொற்கை. தாமிரபரணி வழியே மேலே போனால் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே, கண்ணாடிக்குக் கீழே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நெல்லை ரெட்டியார்பட்டி மலையடிவாரத்தில் பொருநை அருங்காட்சியகம் 2025 டிசம்பரில் திறந்திருக்கிறது. கொற்கையில் கிடைத்தவையும் அங்கே உண்டு. கொற்கையிலேயே ஒன்று வேண்டும், அதற்கு உலகம் முழுவதும் போட்டி வைக்க வேண்டும் என்று நம் ஊர் நண்பர்கள் சிலர் ஆர்வமாகப் பேசுகிறார்கள். வைக்கட்டும். கேள்வித்தாளை யார் எழுதுவது?

'பழம்பெரும் துறைமுகம், முத்து' என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால் என்ன வரும் என்று இப்போதே சொல்கிறேன். ஐந்நூறு வரைபடத்தில் முந்நூறு சிப்பி வரும். மீதியில் பாதி பாய்மரம். எல்லாவற்றுக்கும் முன்னால் நீலக் கடல். கொற்கையில் கடல் எங்கே இருக்கிறது? ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஊரைச் சுற்றி வாழையும் நெல்லும் குளமும்தான். சிப்பி வடிவக் கூரை ஏற்கப்படாது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

சரக்கு எது? முத்து என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது ஆறு. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது, கடல் பின்வாங்கியது, கொற்கை உள்நாட்டு ஊரானது. துறை காயலுக்குப் போனது. அதற்கும் அதே கதி. பிறகு தூத்துக்குடி. ஒரே கரை மூன்று துறைகளை மாற்றிய கதையை, அந்த மண்ணின் மேலேயே நின்று சொல்ல உலகில் எத்தனை இடம் இருக்கிறது? தமிழ்நாடு தொல்லியல் துறை தன் முதல் அகழாய்வை 1968-69-இல் கொற்கையில்தான் செய்தது. அங்கே எடுத்த கரித்துண்டு கி.மு. 785 என்று காலம் காட்டியது. 2021-இல் மறுபடி தோண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாய் வந்தது. எங்கே தூண் இறக்கினாலும் யாரோ ஒருவர் வீட்டுக்குள் இறக்குகிறோம். மண்ணைத் தொடாமல் எப்படி நிற்பது என்று கேள்வித்தாள் கேட்க வேண்டும், தோண்டும்போது ஏதாவது வந்தால் வரைபடம் எப்படி வளையும் என்றும் கேட்க வேண்டும்.

நடை எத்தனை? திறப்பு விழாவுக்கு ஆயிரம் கார் வரும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏரலிலிருந்து டவுன் பஸ்ஸில் யார் வந்து இறங்குவார்கள்? ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர், இரண்டு ஆசிரியைகள். அவர்கள் சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைத்துச் சாப்பிடுவார்கள் என்பதும் கேள்வித்தாளில் இருக்கட்டும். ஏசி நின்றால் உள்ளே உட்கார முடியுமா என்பதும் இருக்கட்டும். மின்கட்டணம் கட்டப் போவது நடுவர் குழு அல்ல.

தண்ணீர் கடைசி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, ஏரல் துண்டுபட்டது. கணினியில் வரைபடம் வரைகிற ஓஸ்லோக்காரருக்கோ சியோல்காரருக்கோ இது எப்படித் தெரியும்? நாம் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

நாமும் எந்த அளவுக்குத் தெரிந்து எழுதுவோம்? இந்த உரைக்காகப் போன மாதம் கொற்கைக்குப் போனேன். வன்னி மரத்தடியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, கையில் குறிப்பேட்டோடு, கட்டடம் எங்கே வரலாம் என்று பெரிய நிபுணனைப் போலப் பார்த்துக்கொண்டு நடந்தேன். குளத்துப் பக்கம் ஒரு மேட்டைக் காட்டி, இது நல்ல இடம், உயரமாக இருக்கிறது என்று கூட வந்த மாணவனிடம் சொன்னேன். ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"யாருய்யா சொன்னா மேடுன்னு? இங்க வாங்க."

பக்கத்து வீட்டுச் சுவரருகே கூட்டிப் போனார். வெள்ளையடித்துப் புதிதாக இருந்த சுவரில் ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"இம்புட்டு. மூணு நாளு."

மாணவன் டேப்பை எடுத்து அளந்தான். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.